இருவர் சுமக்கும் இரகசியம்

திருமண முன்தயாரிப்பு வகுப்புகளில் தவறாமல் எழும் வினா ஒன்று உண்டு. கேட்பவர் பெரும்பாலும் பின்வரிசையில் அமர்ந்திருப்பார். கேட்ட கையோடு தலையைக் குனிந்துகொள்வார். "ஃபாதர், கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா?" இருவருக்கிடையே ஒளிவுமறைவு இருத்தலாகாது என்று ஒரு வரியில் விடையளித்துவிட்டு, அடுத்த பொருளாகிய குடும்ப வரவுசெலவுக்குச் சென்றுவிடுவது பல ஆண்டுகள் நமது வழக்கமாக இருந்தது. அந்த விடை தவறென்று இப்போதும் நாம் சொல்லவில்லை. ஆனால் அது பாதி விடையே. அதை நமக்கு உணர்த்தியது, குருமட நாட்களில் ஓய்வு நேரத்தில் படித்து, அண்மையில் மீண்டும் எடுத்துப் படித்த ஓர் ஆங்கில நாவல்.

டாஃப்னி டு மோரியர் எழுதிய 'ரெபெக்கா' 1938-ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது. 1907-இல் பிறந்து 1989-இல் மறைந்த இந்த எழுத்தாளர், படை அதிகாரியான தம் கணவருடன் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த காலத்தில் இதை எழுதத் தொடங்கினார். கொளுத்தும் வெயிலில் அமர்ந்துகொண்டு, தாம் விட்டுவந்த கார்ன்வால் கடற்கரையின் மூடுபனியையும், அங்கே மரங்களுக்கிடையே பூட்டிக் கிடந்த மெனாபிலி என்னும் பழைய மாளிகையையும் நினைத்து ஏங்கியதன் விளைவே இந்நாவல் என்பர். காதல் கதை என்றே பதிப்பகத்தாரும் வாசகர்களும் இதைக் கொண்டாடினர். ஆசிரியரோ, இது பொறாமையைப் பற்றிய ஆய்வு என்றே சொல்லிவந்தார். நமக்கு இவ்விரண்டையும் விட ஆழமான வேறொன்று இதில் இருப்பதாகத் தோன்றுகிறது.

கதையைச் சொல்பவள் இருபத்தொரு வயதுப் பெண். நாவல் முழுவதிலும் அவளுடைய இயற்பெயர் சொல்லப்படுவதே இல்லை. மான்டி கார்லோ நகரில் ஒரு செல்வச் சீமாட்டிக்கு ஊதியத் துணைப்பெண்ணாக இருந்தவளை, மேக்ஸிம் டி வின்டர் என்னும் நாற்பத்திரண்டு வயதுப் பெருநிலக்கிழார் மணந்துகொள்கிறார். அவருடைய முதல் மனைவி ரெபெக்கா, கடலில் படகு கவிழ்ந்து இறந்து ஓராண்டுக்குள்தான் ஆகிறது. மான்டர்லி மாளிகைக்கு வந்து சேரும் இளம் மனைவி, அங்கே தன்னைத் தவிர எல்லாரும் ஒன்றை அறிந்திருப்பதாக எண்ணிக் கலங்குகிறாள். ரெபெக்காவின் கையெழுத்து, ரெபெக்காவின் மழைக்கோட்டு, ரெபெக்காவைத் தெய்வமாகப் போற்றும் வீட்டு நிர்வாகி திருமதி டான்வர்ஸ் என எங்கு திரும்பினாலும் இறந்தவளே நிற்கிறாள். கணவர் அவளைப் பற்றி வாயே திறப்பதில்லை. அந்த மௌனத்திற்கு மனைவி தானாகவே ஒரு பொருள் கற்பித்துக்கொள்கிறாள்: அவர் இன்னும் ரெபெக்காவையே நேசிக்கிறார். சொல்லப்படாத ஒன்று இருக்குமிடத்தில் கற்பனை குடியேறும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் பக்கங்களை நாம் அதிகம் படித்ததில்லை.

இந்தக் கதையின் பெரிய இரகசியத்தை எல்லாரும் பேசுவர். நம் உள்ளத்தைத் தைத்தது ஒரு சிறிய இரகசியம். மாளிகைக்கு வந்த சில நாட்களில், காலை அறையிலிருந்த விலையுயர்ந்த பீங்கான் க்யூபிட் பொம்மை ஒன்றை இளம் மனைவி கைதவறி உடைத்துவிடுகிறாள். அவளே அந்த வீட்டின் தலைவி. ஆயினும் அஞ்சுகிறாள். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஓர் உறையில் இட்டு, மேசை இழுப்பறையின் பின்புறத்தில் ஒளித்துவைக்கிறாள். யாருக்கும் தீங்கில்லாத மறைப்புதான் என்று நாமும் நினைக்கிறோம். சில நாள் கழித்து, பொம்மையைக் காணவில்லை என்று ராபர்ட் என்னும் இளம் பணியாளன்மீது பழி விழுகிறது. அவன் கண்ணீர் வடிப்பதாகச் செய்தி வருகிறது. அப்போதுதான் அவள் கணவரிடம் உண்மையைச் சொல்கிறாள். எசமானியாக நடந்துகொள்ளத் தெரியாதவள் என்று அவர் அவளைக் கடிந்துகொள்கிறார். ராபர்ட்டிடம் மன்னிப்புக் கேட்பதாகத் திருமதி டான்வர்ஸ் ஒரு வரி சொல்வதோடு சரி; அதன்பின் அவன் எப்படி இருந்தான் என்பதைக் கதை காட்டுவதில்லை. ஆசிரியர் மறந்துபோனார் என்று நாம் நினைக்கவில்லை. அந்த வீட்டில் அப்படிப்பட்டவர்களை யாரும் நினைப்பதில்லை என்பதே அதன் பொருள்.

பின்னர் பெரிய இரகசியம் வெளிப்படுகிறது. கரைதட்டிய ஒரு கப்பலை ஆராய நீரில் மூழ்கியவர், அடித்தளத்தில் ரெபெக்காவின் படகைக் காண்கிறார். அதன் அறைக்குள் ஒரு பிணம் கிடக்கிறது. ஆனால் ரெபெக்காவின் உடலென மேக்ஸிம் அடையாளம் காட்டிய ஒன்று முன்பே குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. இனி மறைக்க முடியாது என்றான நிலையில், அவர் மனைவியிடம் சொல்கிறார்: ரெபெக்காவைத் தாம் சுட்டுக் கொன்றதை, உடலைப் படகில் ஏற்றிப் பலகைகளில் துளையிட்டு மூழ்கடித்ததை, அவளைத் தாம் ஒருநாளும் நேசித்ததில்லை என்பதை.

கேட்டுக்கொண்டிருந்த மனைவி எதை உணர்கிறாள்? அச்சமா? இறந்தவளுக்காக இரக்கமா? இல்லை, அவளுக்குள் பொங்குவது விடுதலை உணர்வு. அவர் ரெபெக்காவை நேசிக்கவில்லை என்ற ஒரே சொல்தான் அவள் காதில் விழுகிறது. கொலை என்ற சொல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. திருமணமாகி அன்றுதான் முதன்முறையாக அவர்கள் உண்மையான கணவன் மனைவியாகின்றனர். அவர்களுக்கிடையே இனி மறைவில்லை.

குருமடத்தில் முதன்முறை படித்தபோது நாமும் மகிழ்ந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மரண விசாரணையில் அவர் அகப்பட்டுக்கொள்வாரோ என்று நெஞ்சு படபடக்க நள்ளிரவு வரை படித்தோம். தப்பியபோது பெருமூச்சு விட்டோம். மறுநாள் உணவறையில் இக்கதையைச் சுவைபடச் சொன்னபோது, அறநெறி இறையியல் கற்பித்த முதிய ஆசிரியர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். இறுதியில் அவர் கேட்டது ஒன்றே: "அந்தக் கல்லறையில் முதலில் அடக்கம் பண்ணினார்களே, அந்தப் பெண் யாரப்பா?" நம்மிடம் விடையில்லை. அப்படி ஒருத்தி இருந்ததே நம் நினைவில் இல்லை.

அவள் கடலில் மிதந்துவந்த, உரிமை கோருவாரற்ற ஒரு பெண். யாருடைய மகளோ, யாருடைய தாயோ? மேக்ஸிம் தம் இரகசியத்தைக் காக்க அவளுக்கு வேறொருத்தியின் பெயரைச் சூட்டிவிட்டார். அவளைத் தேடி எங்கோ யாரேனும் காத்திருந்தால், அவர்களுக்கு இனி அவள் கிடைக்கவே மாட்டாள். கடற்கரையில் பென் என்னும் மனவளர்ச்சி குன்றிய ஒருவன் திரிகிறான். குடிலில் நடந்தவற்றைப் பார்த்ததை வெளியே சொன்னால் காப்பகத்தில் அடைத்துவிடுவேன் என்று ரெபெக்கா அவனை மிரட்டியிருந்தாள். பின்னர் சாட்சி சொல்ல அழைத்துவரப்படும்போதும் அந்த அச்சத்தில் நடுங்கி எதையும் பார்க்கவில்லை என்கிறான். அவனுடைய நடுக்கம் மேக்ஸிமுக்குப் பாதுகாப்பாகிறது. முடிவில், படகின் துளைகள் உள்ளிருந்து வேண்டுமென்றே இடப்பட்டவை என்று படகு கட்டுபவர் சாட்சி கூறவே, ரெபெக்கா தற்கொலை செய்துகொண்டாள் என்று தீர்ப்பாகிறது. கொல்லப்பட்டவள்மீதே அவளுடைய மரணத்தின் பழி ஏற்றப்படுகிறது. அவள் நல்லவளாய் வாழ்ந்தாளா என்பது வேறு வினா. தீயவளுக்கும் தன் மரணத்தைப் பற்றிய உண்மை உரியதே.

'நமக்குள் இரகசியம் இல்லை' என்ற சொல்லைத் திருமண வாழ்வின் முடியாக நாம் வைத்துப் பேசுகிறோம். மான்டர்லியில் அந்த முடி உண்மையாகவே சூட்டப்படுகிறது. ஆனால் அதைச் சூட்டிக்கொண்ட இருவரும் உலகத்திற்கெதிராகக் கதவைத் தாழிட்டுக்கொள்கின்றனர். நேற்றுவரை ஒருவர் சொன்ன பொய்யை இன்றுமுதல் இருவர் சொல்கின்றனர்.

திருத்தூதர் பணிகள் நூலில் அனனியா, சப்பிரா என்னும் தம்பதியரின் கதையை நாம் அறிவோம். நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பகுதியை மறைத்துவைத்தான் கணவன். மனைவிக்கும் அது தெரிந்திருந்தது என்பதைத் திருநூல் குறிக்கத் தவறவில்லை. கணவன் இறந்து மூன்று மணி நேரத்திற்குப் பின் உள்ளே வரும் சப்பிராவிடம் பேதுரு தனியாக ஒரு கேள்வி கேட்கிறார். அந்தக் கேள்வி அவளுக்குக் கொடுக்கப்பட்ட வாய்ப்பு என்றே நாம் எப்போதும் கருதிவந்திருக்கிறோம். 'நாம்' என்ற ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்து, 'நான்' என்று ஒரு கணம் பேச அவளுக்கு இடம் அளிக்கப்பட்டது. அவள் கணவனின் தொகையையே திருப்பிச் சொன்னாள். இல்லற ஒற்றுமைக்கு இதைவிட முழுமையான சான்று கிடைக்காது என்று கூடச் சொல்லலாம்! டி வின்டர் இளம் மனைவிக்கும் அப்படியொரு கணம் இருந்தது. அவள் செய்ததெல்லாம், கணவர் விசாரணையில் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்ததும், அவர் உண்மையைக் கக்கிவிடக்கூடும் என்ற தறுவாயில் மயங்கி விழுந்ததும்தான். மயக்கம் நடிப்பன்று, ஆயினும் அது உதவிற்று.

அவர் மனைவியிடம் சொன்னது பாவ அறிக்கை ஆகாதா என்று நண்பரான ஓர் ஆசிரியர் நம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி. 1551-இல் திரிதெந்து பொதுச்சங்கம் வகுத்துரைத்தபடி, மனத்துயர், அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றும் சேர்ந்தே மனம் திரும்புபவரின் செயலாகின்றன. மேக்ஸிமிடம் நடுவிலுள்ளது மட்டுமே இருக்கிறது. கொன்றதற்காகத் தமக்கு வருத்தமே இல்லை என்று அவர் வெளிப்படையாகச் சொல்கிறார். அவர் வருந்துவது வேறொன்றுக்காக: உண்மையைக் கேட்ட அந்த ஓரிரவில் மனைவியின் முகத்திலிருந்த இளமையும் பேதைமையும் மறைந்துவிட்டன, இனி அவை திரும்பா என்று துயருறுகிறார். நாவலிலேயே மிகவும் உண்மையான வாக்கியம் இதுவென்று நமக்குப் படுகிறது. தம் பாரத்தின் பாதியைத் தாம் எங்கே இறக்கிவைத்தோம் என்பதை அந்த மனிதர் கண்ணால் கண்டுகொண்டார்.

குருவிடம் சொல்லப்படுவது அங்கேயே முத்திரையிடப்படுகிறது; குரு அதை வைத்துக்கொண்டு எதையும் செய்ய இயலாது, அதனால் எதையும் பெறவும் இயலாது. மனைவியின் நிலை அத்தகையதன்று. அவள் அந்தக் குற்றத்தோடு ஒரே மேசையில் உண்ண வேண்டும், ஒரே கட்டிலில் உறங்க வேண்டும். அவளிடம் சொல்லும்போது கணவன் கேட்பது மன்னிப்பு மட்டுமா, துணையுமா என்பது சொல்பவனுக்கே பல வேளைகளில் தெரிவதில்லை.

இங்கே ஒன்றைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. 1940-இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இந்நாவலைத் திரைப்படமாக்கினார். அவ்வாண்டின் சிறந்த படத்திற்கான ஆஸ்கார் விருதையும் அது பெற்றது. படத்தில் மேக்ஸிம் கொல்வதில்லை. ரெபெக்கா தடுமாறி விழுந்து தலையில் அடிபட்டு இறக்கிறாள். அவர் உடலை மறைத்ததோடு சரி. காரணம், கொலை செய்தவன் தண்டனையின்றித் தப்புவதைக் காட்டலாகாது என்ற அமெரிக்கத் திரைப்பட ஒழுக்க விதித்தொகுப்பு. 1930-இல் அதை வரைந்தவர்கள் டேனியல் லார்டு என்னும் இயேசு சபைக் குருவும், மார்ட்டின் க்விக்லி என்னும் கத்தோலிக்கப் பத்திரிகையாளரும். 1934 முதல் அதைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்திய ஜோசப் பிரீனும் கத்தோலிக்கரே. நம்மவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்தனர். ஆனால் விளைவைப் பாருங்கள்: கொலையை நீக்கியதும் மனைவியின் மகிழ்ச்சி குற்றமற்றதாகிவிட்டது, பார்ப்பவர் எவரும் தம் மனச்சான்றைத் தொட்டுப் பார்க்கத் தேவையில்லாமற் போயிற்று. ஒழுக்கத்தைக் காப்பாற்றப் போய், ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வியையே வெட்டி எறிந்துவிட்டார்கள். ஞாயிறு மறையுரைகளில் நாமும் இதைச் செய்வதுண்டோ என்று சில வேளைகளில் ஐயுறுகிறோம்.

அப்படியானால் எதையும் சொல்லாதிருப்பதே மேல் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். சொல்லாமையால் இந்த மனைவி பட்ட பாட்டை முதற்பாதி முழுவதும் பார்த்தோம். சொல்லியே தீர வேண்டியவை உண்டு. அதுவும் திருமணத்திற்கு முன்பே. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, 1098-ஆம் விதியில், இல்லற வாழ்வைப் பெரிதும் குலைக்கவல்ல ஒரு தன்மையை மறைத்து, சம்மதத்தைப் பெறுவதற்காகவே ஏமாற்றி நடத்தப்படும் திருமணம் செல்லாது என்கிறது. பழைய 1917-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இத்தகைய விதி இல்லை. ஏமாற்றப்பட்டவரின் கண்ணீர் சட்டத்திற்குள் வந்து சேர அத்தனை காலம் ஆயிற்று.

இன்னொரு புறமும் உண்டு. உண்மை சொல்லப்பட்டதாலேயே அது அன்பாகிவிடாது. ரெபெக்கா, மணமாகி ஐந்தே நாளான நிலையில், மான்டி கார்லோவுக்கு மேலேயுள்ள ஒரு மலையுச்சியில் கணவனை நிறுத்தி, தன் வாழ்வைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அவரால் இனி ஊரறிய எதுவும் செய்ய முடியாது, மானத்திற்கு அஞ்சுவார் என்று தெரிந்தே சொல்கிறாள். அதுவும் ஒளிவுமறைவற்ற பேச்சுதான்! அதன் பின்பு அவர்கள் ஊருக்காக ஒரு பொருத்தமான தம்பதியராக நடித்தார்கள். பொய் சொல்வது எந்நிலையிலும் தகாது என்று உறுதியாகக் கற்பித்த புனித தோமா அக்குவினாரே, உண்மையை விவேகத்தோடு மறைத்துவைக்க இடமுண்டு என்கிறார். நண்பன் நம்பிச் சொன்னதை, உடன்பிறந்தாளின் மானத்தை, என்றோ முடிந்து, வருந்தி, ஒப்புரவும் பெற்று, எவருக்கும் இன்று பாக்கியில்லாத ஓர் இளமைத் தவற்றை, தன் நெஞ்சு இலேசாவதற்காக மட்டும் மற்றவர் நெஞ்சில் கொட்டுவது எவ்வளவு தூரம் அன்பு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாவலின் தொடக்கப் பக்கங்களை மீண்டும் படித்தபோது, முன்பு நாம் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. கதையெல்லாம் முடிந்தபின் நடப்பது அங்கே முதலிலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. மான்டர்லி இப்போது இல்லை. கணவனும் மனைவியும் வெளிநாட்டில் சிறு விடுதிகளில் காலம் கழிக்கின்றனர். தங்களுக்குள் இப்போது எந்த இரகசியமும் இல்லை என்று அவள் பெருமையோடு சொல்கிறாள். மாலையில் அவருக்குத் தாயகச் செய்தித்தாளிலிருந்து கிரிக்கெட் ஆட்டச் செய்திகளைப் படித்துக் காட்டுகிறாள். ஒருமுறை காட்டுப்புறாக்களைப் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தாள்; மான்டர்லியின் தோப்புகள் நினைவுக்கு வந்து அவர் முகம் மாறிற்று. அன்று முதல், வலி தரக்கூடியவற்றை உரக்கப் படிக்காமல் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறாள். கார்ன்வாலின் புல்வாசனை, தேநீர் மேசை, தோட்டத்துப் பூக்கள் ஆகியன இப்போது அவளுடைய கள்ளத்தனமான இன்பங்கள். பெரிய இரகசியத்தைப் பகிர்ந்துகொண்ட இருவர், அதைக் காப்பதற்காக நாள்தோறும் சின்னஞ்சிறு இரகசியங்களைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டிருக்கின்றனர். அது தனக்கே தெரியவில்லை அவளுக்கு.

சென்ற முறை வகுப்பில் பின்வரிசையிலிருந்து அதே வினா வந்தபோது, குடும்ப வரவுசெலவுக்கு நாம் உடனே செல்லவில்லை. உடைந்த பொம்மையின் கதையைச் சொல்லி, "நீங்கள் சொல்லாமல் வைத்திருப்பதற்கு யார் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள், பிறகு யாரிடம் சொல்வது என்று பேசலாம்" என்றோம். பெண்கள் சிலர் ராபர்ட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். தெரியாது என்றோம்.

அன்று மாலை, கேள்வி கேட்ட அந்த இளைஞர் பங்கு இல்லத்திற்கு வந்தார். ஒப்புரவு அருட்சாதனத்திற்காக அன்று, பேசுவதற்காக மட்டும். அவர் சொன்னது இங்கே எழுதுவதற்குரியதன்று. மணப்பெண்ணிடம் சொல்வதற்கு முன்பு அவர் போய்ப் பார்க்க வேண்டிய வேறொருவர் இருந்தார் என்பதை மட்டும் சொல்லலாம். திருமணத்தை ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். பெண் வீட்டார் காரணம் கேட்டு நம்மிடமும் வந்தனர். மாப்பிள்ளையையே கேளுங்கள் என்று அனுப்பிவைத்தோம்.